அனுப்பியாச்சு, ஆனால் வந்து சேரவில்லை: ஒருவழி இணைப்பில் கோப்பு சிக்கினால் எங்கே பார்ப்பது

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. அதன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அலுவலகக் கட்டடத்துக்குக் கோப்புகள் ஒரே திசையில் போகின்றன. கொதிகலன் அழுத்தம், உலை வெப்பநிலை, ஷிப்டு அறிக்கை, வாரம் ஒருமுறை பெரிய பேக்கப். நடுவில் ஒரே ஒரு ஃபைபர் இழை. உள்ளேயிருந்து வெளியே ஒளி போகும். வெளியிலிருந்து உள்ளே வர இழையே கிடையாது. அலுவலகத்தில் எந்தக் கணினியில் வைரஸ் புகுந்தாலும் இந்த இழை வழியாக அது கொதிகலனை எட்ட முடியாது. டேட்டா டயோடு என்று சொல்வது இதைத்தான். இதைப் பராமரிப்பது என் வேலை. திரும்பத் திரும்ப வந்த பழுதுகளை வைத்து எழுதியது இது.

சாதாரண நெட்வொர்க்கில் இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ளும். "வந்ததா?", "வந்தது, அடுத்ததை அனுப்பு", "மூன்றாவது துண்டைக் காணோம், மறுபடி அனுப்பு." ஒருவழி இணைப்பில் அந்தப் பேச்சு இல்லை. ஆகவே எஃப்டிபி, ஆர்சிங்க், விண்டோஸ் ஷேர் என்று வழக்கமாகக் கோப்பு அனுப்பும் வழிகள் எதுவும் நேராக ஓடாது. யூடிபி என்ற, பதிலை எதிர்பார்க்காத முறையில் பாக்கெட்டை, அதாவது கோப்பின் சின்னத் துண்டை, விட்டுவிட வேண்டியதுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எந்தப் படகிலிருந்தும் "பார்த்துவிட்டேன்" என்று பதில் வராது. பார்க்காதவர்களும் பார்க்கட்டும் என்று கூண்டு தொங்கிக்கொண்டே இருக்கும்.

கூப்பிடும்போதெல்லாம் ஷிப்டில் இருக்கும் தம்பி சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, நான் அனுப்பிட்டேன், பச்சை டிக் வந்துடுச்சு." அந்த டிக்கை நம்பாதீர்கள். அனுப்பும் நிரல் தன் வேலையை முடித்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. இழை அறுந்து கிடந்தாலும் டிக் வரும். என்ன வந்தது, என்ன வரவில்லை என்பது பெறும் பக்கத்துக்கு மட்டுமே தெரியும். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் அங்கே போய் எண்ணுங்கள்.

தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை: உள்ளடக்கம் தெரிந்த 1 எம்பி சோதனைக் கோப்பும் அதன் ஷா256 எண்ணும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்), நல்ல நிலையில் உள்ள ஒரு பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் இணைப்பான் உள்ள குட்டை ஃபைபர் கேபிள்), ஃபைபர் துடைக்கும் பேனா அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நூல் விடாத துணியும், இரண்டு பக்கமும் பேச போன். ஆப்டிகல் பவர் மீட்டர் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். 850 அல்லது 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் அது இல்லை என்று ஆகிவிடாது. அடுத்தது இன்னும் முக்கியம். சோதனைக்காக என்று சொல்லி ஐந்து நிமிடத்துக்குக்கூட இரண்டாவது இழையைச் சொருகாதீர்கள். சொருகினால் எல்லாம் உடனே வேலை செய்யும், அப்புறம் கழற்ற யாருக்கும் மனம் வராது. ஓர் இடத்தில் அப்படிச் சொருகிய மஞ்சள் பேட்ச் கார்டு பல மாதம் அப்படியே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அத்தனை நாளும் அந்த ஆலை பாதுகாப்பாக இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அறிகுறி 1: அனுப்பும் பக்கத்தில் லிங்க் விளக்கே எரியவில்லை

கணினியில் "கேபிள் இணைக்கப்படவில்லை" என்று வரும். புதிதாக அமைக்கும்போதும், மீடியா கன்வெர்ட்டரை (செம்புக் கேபிள் சிக்னலை ஃபைபர் ஒளியாக மாற்றும் சின்னப் பெட்டி) மாற்றிய மறுநாளும் இது கட்டாயம் வரும்.

முதலில் செம்புப் பக்கம். கணினிக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் உள்ள நெட்வொர்க் கேபிளை மாற்றிப் பாருங்கள். கன்வெர்ட்டரின் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் முதலில் போவது அதுதான்.

கேபிள் நன்றாக இருக்கிறது என்றால் கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் உள்ள சின்ன டிப் சுவிட்சுகளைப் பாருங்கள். எல்எஃப்பி என்று ஒன்று இருக்கும். ஃபைபரின் ஆர்எக்ஸ் (ஒளியைப் பெறும்) துளைக்கு ஒளி வராவிட்டால் செம்புப் பக்க லிங்கையும் சேர்த்து அணைப்பது அதன் வேலை. சாதாரண இடத்தில் நல்ல வசதி. நம் இடத்தில் ஆர்எக்ஸுக்கு ஒளி வரவே வராது, அதனால் லிங்க் நிரந்தரமாக அணைந்தே கிடக்கும். ஆஃப் செய்யுங்கள். சுவிட்ச் மாற்றியபின் கரண்டை ஒருமுறை எடுத்துப் போடுங்கள். பல கன்வெர்ட்டர்கள் இயங்கத் தொடங்கும்போது மட்டுமே சுவிட்சைப் படிக்கும்.

அதற்கும் எரியவில்லை என்றால் வேகத்தைப் பாருங்கள். கிகாபிட் ஃபைபரில் இரண்டு முனையும் ஒளி வழியாகவே ஒப்பந்தம் பேசும். பதில் வர வழியில்லாதபோது அந்த ஒப்பந்தம் முடியாது. ஃபைபர் பக்க ஆட்டோ நெகோஷியேஷனை இரண்டு பக்கமும் நிறுத்த வேண்டும். விலை குறைந்த கன்வெர்ட்டர்களில் அதை நிறுத்தும் வசதியே இருக்காது. 100 மெகாபிட் ஃபைபரில் இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. தினசரி லாக் கோப்புகள் மட்டும் போகிற இடமென்றால் 100 மெகாபிட்டே போதும் என்பது என் கருத்து. தலைவலி பாதியாகக் குறையும்.

சில கன்வெர்ட்டர்கள் ஆர்எக்ஸில் ஒளி தெரியாவிட்டால் ஒழுங்காக அனுப்பாது. "எனக்கு ஒளி வரவில்லை" என்ற குறியை எதிர்முனைக்கு விடும், எதிர்முனையும் லிங்கை அணைத்துவிடும். அப்படியானால் மூன்றாவது கன்வெர்ட்டர் ஒன்றை அனுப்பும் பக்கத்திலேயே வையுங்கள். அதன் டிஎக்ஸ் (ஒளியை அனுப்பும்) துளையிலிருந்து ஓர் இழையை அனுப்பும் கன்வெர்ட்டரின் ஆர்எக்ஸில் சொருகுங்கள். மூன்றாவதன் செம்புத் துளை காலியாகவே இருக்கட்டும், அதன் எல்எஃப்பியும் ஆஃப். அது சும்மா ஒளி காட்டும் விளக்கு, அவ்வளவுதான். அந்த ஒளி மறுபக்கத்திலிருந்து வரவில்லை என்பதால் ஒருவழித்தன்மை கெடாது. அதன்மேல் சிவப்பு மையில் "கழற்றாதே" என்று எழுதி ஒட்டுங்கள். வேலையில்லாத பெட்டி என்று நினைத்து ஹவுஸ்கீப்பிங்கில் யாரோ எடுத்துவிட்ட ஒரு நாளை நான் மறக்கவில்லை.

யாரைக் கூப்பிடுவது: கன்வெர்ட்டருக்குப் பதிலாகச் சீல் வைத்த டயோடு பெட்டி இருந்தால் அதைத் திறக்க வேண்டாம். விளக்கு நிலையைப் போட்டோ எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். சீல் உடைந்தால் சான்றிதழும் போய்விடும்.

அறிகுறி 2: அனுப்பும் பக்கம் எரிகிறது, பெறும் பக்கம் இருட்டு

இழை மாறிச் சொருகியிருக்கிறதா? டிஎக்ஸிலிருந்து புறப்பட்டது ஆர்எக்ஸில் முடிய வேண்டும். ஜோடி இழையில் ஒன்றை மட்டும் பயன்படுத்தும்போது இரண்டு முனையிலும் ஒரே நிறத்தைப் பிடித்திருக்கிறோமா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

அடுத்து அழுக்கு. கடலூரில் இதுதான் முதல் எதிரி. கடற்காற்றின் உப்பும் ஆலைப் புகையும் சேர்ந்து இணைப்பான் முனையில் மெல்லிய படலமாக உட்காரும். ஒற்றைமுறை ஃபைபரின் மையம் 9 மைக்ரான்தான். தலைமுடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதன்மேல் ஒரு தூசி போதும். முனையைத் துடைத்து, துளைக்குள்ளும் பேனாவால் துடைத்து, உடனே சொருகுங்கள். துடைத்த முனையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு நடந்தால் துடைத்ததே வீண். பயன்படுத்தாத துளைகளுக்கு மூடி போடுவதைப் பழக்கமாக்குங்கள்.

துடைத்தும் இருட்டு என்றால் அளந்துவிடுங்கள். பவர் மீட்டரைப் பெறும் முனையில் வையுங்கள். கிகாபிட் எஸ்எக்ஸ் வகைக்குப் பெறும் பக்கம் குறைந்தது மைனஸ் 17 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு), எல்எக்ஸ் வகைக்கு மைனஸ் 19 டிபிஎம் வேண்டும். இந்த எல்லைக்கு அருகில் இருந்தால் இன்று எரியும், ஈரப்பதம் கூடிய நாளில் அணையும். எல்லையிலிருந்து மூன்று டெசிபலாவது தள்ளி இருந்தால்தான் நான் நிம்மதியாகப் போவேன். மீட்டர் இல்லையா? 850 நானோமீட்டர் ஒளியாக இருந்தால் சில போன் கேமராக்களில் மங்கிய ஊதாப் புள்ளியாகத் தெரியும். தெரிந்தால் ஒளி இருக்கிறது. தெரியாவிட்டால் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் அனுப்பும் பக்கத்திலேயே கன்வெர்ட்டர் வாயில் நல்ல பேட்ச் கார்டைப் போட்டு அளந்து பாருங்கள். அங்கே ஒளி இருந்தால் பழுது நடுவழியில். கேபிள் ட்ரேயில் கூர்மையாக மடிந்த இடம், மூடாத டக்டில் எலி கடித்த இடம், இந்த இரண்டையும் கண்ணால் தேடலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் டக்ட் தண்ணீரில் நிறைந்தது. ஃபைபருக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று நினைத்தோம். ஆனால் ஜாயிண்ட் பெட்டியின் மூடி சரியாக இறுகவில்லை. தண்ணீர் வடிந்தபின்னும் உள்ளே சேறு தங்கி, இழை நசுங்கி, சிக்னல் நாளுக்கு நாள் இறங்கியது.

யாரைக் கூப்பிடுவது: பேட்ச் கார்டு சில நூறு ரூபாய், அதை நீங்களே மாற்றலாம். நடுவழியில் அறுந்திருந்தால் ஸ்ப்ளைசிங் செய்பவரைக் கூப்பிடுங்கள். எத்தனை மீட்டரில் அறுந்தது என்று ஓடிடிஆர் கருவியில் அவர் பார்த்துச் சொல்வார். டேப் சுற்றி ஒட்டும் வேலை ஃபைபரில் நடக்காது.

அறிகுறி 3: இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது, ஒரு பாக்கெட்கூட வரவில்லை

பெறும் கணினியில், வரும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்ப் அல்லது வயர்ஷார்க்கைத் திறந்துவைத்துச் சோதனைக் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

டிசிபிடம்பில் யூடிபி பாக்கெட் எதுவும் தெரியவில்லை என்றால்:

அனுப்பும் கணினி பாக்கெட்டை விடவே இல்லை. பெரும்பாலும் காரணம் ஏஆர்பி, அதாவது முகவரி விசாரிக்கும் முறை. "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று அது முதலில் கேட்கும். பதில் வர வழியில்லை. பதில் வராமல் அது கோப்பின் பாக்கெட் எதையும் அனுப்பாது, ஆனால் திரையில் டிக் காட்டிவிடும். பெறும் கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் சொந்த அடையாள எண்) அனுப்பும் கணினியில் நிலையாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தீர்கள், வேலை செய்தது, அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி நின்றது என்றால் அந்தப் பதிவு ரீபூட்டில் அழிந்திருக்கிறது. தொடக்க அமைப்புக் கோப்பிலேயே எழுதிவையுங்கள். இதற்கு மாற்றாக பிராட்காஸ்ட் முகவரிக்கு, அதாவது எல்லோருக்கும் பொதுவான முகவரிக்கு, அனுப்பலாம். அதற்கு ஏஆர்பி தேவையில்லை.

மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கு மட்டும் அனுப்பும் முறை) பயன்படுத்துகிறீர்கள், நடுவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்றால் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை நிறுத்துங்கள். "எனக்கும் வேண்டும்" என்று பெறும் பக்கம் கேட்டால்தான் அந்த சுவிட்ச் பாக்கெட்டை விடும். நம் பெறும் பக்கத்தால் கேட்க முடியாது.

டிசிபிடம்பில் தெரிகிறது, நிரலுக்கு மட்டும் வரவில்லை என்றால்:

ஃபயர்வாலுக்கு முன்பே டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்த்துவிடும். ஆகவே முதலில் ஃபயர்வாலில் அந்த யூடிபி போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நிரல் அதே போர்ட்டில்தான் காத்திருக்கிறதா என்றும் பாருங்கள். லினக்ஸில் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. பாக்கெட் அனுப்பியவரின் முகவரிக்குத் திரும்பிப்போகும் பாதை அதே கார்டில் இல்லையென்றால் சத்தமில்லாமல் பாக்கெட்டை எறிந்துவிடும். இரண்டு முனைக்கும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுப்பில்) முகவரி கொடுத்தால் இந்தத் தொல்லை வராது.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? டிசிபிடம்பில் மேக் முகவரியையும் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை பெறும் கணினியில் நெட்வொர்க் கார்டு எரிந்து புதிது போட்டார்கள். அதே ஐபி, அதே கேபிள், அதே துளை. அனுப்பும் பக்கம் மட்டும் பழைய கார்டின் மேக் முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. டிசிபிடம்ப் ஓடும்போது கார்டு தன்னுடையது, பிறருடையது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் காட்டும். ஆகவே திரையில் பாக்கெட்டுகள் மழையாகக் கொட்டின, கோப்புறையில் ஒன்றும் இல்லை. மேக் முகவரியின் கடைசி இரண்டு எழுத்துகள் வேறாக இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. உங்களுக்கு ஆகக்கூடாது.

அறிகுறி 4: சின்னக் கோப்பு வருகிறது, பெரிய கோப்பு உடைகிறது

அதிகம் வருவது இதுதான். 1 எம்பி சோதனைக் கோப்பு பத்து முறையும் சரியாக வரும். ஞாயிற்றுக்கிழமை பேக்கப் மட்டும் நடுவில் ஓட்டையோடு வரும். உடனே எல்லோரும் ஃபைபர் மேல் பழி போடுவார்கள். இழையில் ஒளி நன்றாக இருந்தால் பாக்கெட் வழியில் தொலைவது அபூர்வம். பெரும்பாலும் பெறும் கணினியின் வாசல் வரை வந்து, உள்ளே எடுக்க ஆளில்லாமல் கொட்டிப்போகிறது.

முதல் சோதனை, செலவில்லாதது: பெறும் பக்கம் லினக்ஸ் என்றால் நெட்ஸ்டாட் கட்டளையில் யூடிபி புள்ளிவிவரத்தை எடுத்து, பெறும் பஃபர் (வந்த பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவக இடம்) பிழை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். கோப்பை அனுப்பச் சொல்லி, முடிந்ததும் மறுபடி எடுங்கள். எண் ஏறியிருந்தால் பழுது பஃபரில். ஏறவில்லை, ஆனால் இதர்டூல் கட்டளையில் கார்டின் டிராப் எண் ஏறியிருந்தால் கார்டின் ரிங் பஃபரைக் கூட்டுங்கள். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்) ஏறியிருந்தால் மட்டும் அறிகுறி 2-க்குப் போய் முனையைத் துடையுங்கள்.

பஃபர் ஏன் நிரம்புகிறது? லினக்ஸில் வழக்கமான பெறும் பஃபர் 2,12,992 பைட். 100 மெகாபிட் வேகத்தில் ஒரு நொடிக்கு 1.25 கோடி பைட் வரும். கணக்குப் போட்டால் அந்தப் பஃபர் 17 மில்லிநொடியில் நிரம்பிவிடும். கிகாபிட்டில் இரண்டு மில்லிநொடிகூடத் தாங்காது. ஹார்ட் டிஸ்க் ஒருமுறை மூச்சு வாங்கினாலே அதைவிட அதிக நேரம் ஆகும். சாதாரண நெட்வொர்க்கில் பெறும் பக்கம் "கொஞ்சம் பொறு" என்று சொல்லும். இங்கே சொல்ல முடியாது, வந்தது வழிந்து கொட்டும்.

ஆகவே செய்ய வேண்டியவை, எளியதிலிருந்து:

வேகத்தைக் கட்டுங்கள். யூடிபிகாஸ்ட் போன்ற நிரலில் அதிகபட்ச வேகத்தைக் குறிப்பிடலாம். 100 மெகாபிட் இணைப்பில் 40-இல் தொடங்கி, ஓட்டை விழாதவரை ஏற்றுங்கள். விழுந்த இடத்திலிருந்து நன்றாகக் கீழே இறக்கி நிறுத்துங்கள். மெதுவாகப் போகிறதே என்று மேலாளர் கேட்டால், இரவு முழுக்க நேரம் இருக்கிறது என்று சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்ததிலேயே பாதி புகார்கள் நின்றுவிட்டன.

பஃபரைக் கூட்டுங்கள். 64 எம்பி வைத்தால் 100 மெகாபிட்டில் ஐந்து நொடி தாங்கும். ஒரு நுணுக்கம்: அதிகபட்ச வரம்பை மட்டும் உயர்த்தினால் போதாது. நிரல் தானே பெரிய பஃபரைக் கேட்க வேண்டும், அல்லது இயல்புநிலை அளவையும் சேர்த்து உயர்த்த வேண்டும். வரம்பை மட்டும் உயர்த்திவிட்டு "மாற்றினேன், பலனில்லை" என்பவர்கள் நிறைய.

பாக்கெட் அளவைப் பாருங்கள். 1500 பைட் எம்டியூவில் (ஒரு பாக்கெட்டுக்கு இணைப்பு ஏற்கும் உச்ச அளவு) யூடிபிக்குள் 1472 பைட்தான் முழுதாக அடங்கும். நிரல் 8 கேபி துண்டுகளாக அனுப்பினால் ஒவ்வொன்றும் ஆறாக உடைந்து போகும். ஆறில் ஒன்று தொலைந்தால் மற்ற ஐந்தும் குப்பை. 1472 அல்லது அதற்குக் கீழே வையுங்கள். ஜம்போ ஃப்ரேம் (1500-ஐவிடப் பெரிய பாக்கெட்) வைத்திருந்தால் நடுவில் உள்ள கன்வெர்ட்டர்களும் அதைக் கடத்த வேண்டும். கடத்தாதவை ஒரு வார்த்தை சொல்லாமல் எறிந்துவிடும்.

முதலில் ராமில் வாங்கி, முடிந்தபின் டிஸ்க்கில் எழுதுங்கள். பெறும் கோப்புறையை ஆன்டிவைரஸ் உடனுக்குடன் சோதிக்கக் கூடாது. கோப்பு முழுதாக வந்தபின் வேறு கோப்புறையில் சோதிக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் ஓட்டைகளுக்குத்தான் முன்பிழை திருத்தம், அதாவது எஃப்இசி. "ரெண்டு தடவை அனுப்பிட்டா போச்சு" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1 ஜிபி கோப்பு ஏறக்குறைய 6,80,000 பாக்கெட். நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் 6,800 ஓட்டை. இரண்டாம் முறையும் அனுப்பி இரண்டையும் சேர்த்து ஒட்டினாலும் 68 ஓட்டை மிஞ்சும். ஓர் ஓட்டை இருந்தாலும் ஜிப் கோப்பு ஒழுங்காகத் திறக்காது. இரண்டு மடங்கு நேரம் செலவழித்தும் கோப்பு கைக்கு வரவில்லை. அதே கோப்புக்கு நூற்றுக்குப் பத்து உபரி பாக்கெட்டுகளை ரீட்-சாலமன் முறையில் சேர்த்து அனுப்பினால், ஒரு தொகுதிக்குள் அதன் உபரி எண்ணிக்கை வரை எவை தொலைந்தாலும் மிச்சத்திலிருந்து பெறும் பக்கமே மீட்டுக்கொள்ளும்.

தொலைவது சிதறலாகவா, கொத்தாகவா என்று பாருங்கள். பாக்கெட் வரிசை எண்களை எடுத்தால் தெரிந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போனால் சின்னத் தொகுதி போதும். ஒரே இடத்தில் நூறு இருநூறாகப் போனால் தொகுதிகளைப் பின்னி அனுப்ப வேண்டும். யூடிபிகாஸ்டில் எஃப்இசி அமைப்பின் முதல் எண் அந்தப் பின்னலுக்குத்தான். ஆனால் வேகத்தைக் கட்டாமல் எஃப்இசியை மட்டும் கூட்டாதீர்கள். ஏற்கனவே வழிகிற குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுவது போல ஆகும்.

எஃப்இசியும் போட்டபின் வாரம் ஒன்று உடைகிறது என்றால், பெறும் கணினியின் டிஸ்க் சாகப்போகிறது என்று சந்தேகியுங்கள். எஸ்எஸ்டிக்கு மாற்றுவதுதான் இந்தப் பட்டியலில் விலை கூடியது. அதைக் கடைசியில் வைத்ததன் காரணம் விலை மட்டும்தான்.

அறிகுறி 5: தினமும் ஒரே நேரத்தில் மட்டும் உடைகிறது

நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தில் வேறென்ன ஓடுகிறது என்று பாருங்கள். பெறும் கணினியில் பேக்கப், விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் முழுச் சோதனை. மாலை ஷிப்டு முடிந்து அறையின் ஏசியை அணைக்கிறார்களா? பூட்டிய அறையில் சூடான கன்வெர்ட்டர் லிங்கை விட்டு விட்டுப் பிடிக்கும். ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் உடைகிறது என்றால் கன்வெர்ட்டர்கள் யூபிஎஸ்ஸில் இல்லை. கணினிகளுக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்துவிட்டு இந்தச் சின்னப் பெட்டிகளைச் சுவர் பிளக்கில் சொருகிவிடுகிறார்கள்.

அறிகுறி 6: கோப்பு முழுதாக வந்தது, ஆனால் ஷா256 பொருந்தவில்லை

பாக்கெட் எதுவும் தொலையவில்லை, ஆனாலும் எண் வேறு. பெரும்பாலும் அனுப்பும் பக்கம் இன்னும் எழுதி முடிக்காத கோப்பை எடுத்து அனுப்பியிருக்கிறது. லாக் கோப்பு நொடிக்கு நொடி வளரும். எண்ணைக் கணக்கிட்ட நேரம் ஒன்று, அனுப்பிய நேரம் ஒன்று. எழுதும் நிரல் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றட்டும். அனுப்பும் நிரல் பெயர் மாறியதை மட்டும் எடுக்கட்டும். ஆலைக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அப்படி மாற்ற முடியாது என்றால், இரண்டு நிமிடம் அளவு மாறாமல் இருக்கும் கோப்பை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

யாரைக் கூப்பிடுவது: கட்டுப்பாட்டு மென்பொருளின் எந்த அமைப்பையும் நாமாகத் தொடக்கூடாது. அதை நிறுவியவர்களைக் கூப்பிட்டு, ஆலை நிற்கும் நாளில்தான்.

அறிகுறி 7: தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் மட்டும் வரவில்லை, அல்லது இரண்டாக வருகின்றன

எங்கள் ஷிப்டு அறிக்கைகளுக்குத் தமிழில்தான் பெயர் வைப்பார்கள். அது தொடர வேண்டும் என்று விரும்புகிறேன், ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனித்தனியாக 3 பைட். "கடலூர்" என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு குறி, 18 பைட். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான், அதாவது 85 தமிழ்க் குறிகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸோ 255 குறிகள் வரை ஏற்கும். விண்டோஸில் "இரவு ஷிப்டு இரண்டாம் கொதிகலன் பராமரிப்பு" என்று தொடங்கி நீளமாக வைத்த பெயர் அங்கே நன்றாக இருக்கும். லினக்ஸ் பக்கம் கோப்பை உருவாக்கவே முடியாது. சில நிரல்கள் பெயரை நடுவில் வெட்டும்போது 3 பைட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் மிஞ்சி, பெயரின் முடிவில் கேள்விக்குறி தெரியும்.

இரண்டாக வந்தால் காரணம் வேறு. "கொதிகலன்" என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். முதலாவது 24 பைட், அடுத்தது 27 பைட். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு கோப்பு. எங்கள் பட்டியலில் "வரவில்லை" என்று காட்டிய கோப்பு, கோப்புறையில் கண்ணெதிரே இருந்தது. பெயரின் பைட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

தீர்வு எளிது. அனுப்பும்போது வெளிப்பெயராக வரிசை எண் மட்டும் இருக்கட்டும். உண்மையான தமிழ்ப் பெயர்கள் உள்ளே ஒரு பட்டியல் கோப்பில் வரட்டும். எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள்.

அறிகுறி 8: கோப்பின் நேரம் தப்பாக இருக்கிறது

கட்டுப்பாட்டு அறைக் கணினியால் வெளியே யாரிடமும் நேரம் கேட்க முடியாது; கணினிகள் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி வழக்கமாகக் கேள்வி-பதில் முறையில் ஓடுவது. கடிகாரம் நாளுக்குச் சில நொடி நகரும். உள்ளேயே ஒரு ஜிபிஎஸ் கடிகாரம் வையுங்கள். அதுவரை பெறும் பக்கம் வந்து சேர்ந்த நேரத்தையும் சேர்த்துப் பதியட்டும்.

அறிகுறி 9: எந்தப் பிழையும் இல்லை, ஆனால் மூன்று நாளாக எதுவுமே வரவில்லை

என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். கோப்பு வராவிட்டால் பிழைச் செய்தியும் வராது. பெறும் நிரல் அமைதியாகக் காத்திருக்கும், அனுப்பும் பக்கம் டிக் போட்டுக்கொண்டே இருக்கும். நீண்ட விடுமுறை முடிந்து வந்து அறிக்கை தேடும்போதுதான் தெரியும்.

அனுப்பும் பக்கத்திலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பாக்கெட் போகட்டும். அதில் ஓடும் எண் ஒன்று, அதுவரை அனுப்பிய கோப்புகளின் எண்ணிக்கை ஒன்று. ஐந்து நிமிடம் அது வராவிட்டால் பெறும் பக்கம் மணி அடிக்க வேண்டும். எண் தாவியிருந்தால் எத்தனை நிமிடம் இணைப்பு இல்லை என்று தெரியும். கோப்பு எண்ணிக்கை பொருந்தாவிட்டால் எந்தக் கோப்பு என்று வரிசை எண்ணில் தெரியும். அதோடு கடைசி ஏழு நாள் கோப்புகளைத் தினமும் இரவில் மறுபடி சுழற்றி அனுப்புங்கள். ஏற்கனவே இருப்பதைப் பெறும் பக்கம் விட்டுவிடும், இல்லாததை எடுத்துக்கொள்ளும். கூண்டு இறக்காமல் தொங்குவது மாதிரிதான்.

மணி அடிக்கும் கணினியே நின்றுபோகலாம். அதனால் ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். காலை ஷிப்டு மாறியதும் அலுவலகத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு போன். "அண்ணா, உங்க ஓடும் நம்பர் எத்தனை?" அவர் திரையைப் பார்த்துப் படிப்பார். இவர் தன் திரையில் உள்ளதை எழுதுவார். இரண்டும் ஒன்றாக இருந்தால் கையெழுத்து போட்டு நோட்டை மூடலாம். வேறாக இருந்தால் பெறும் பக்க லிங்க் விளக்கைப் பாருங்கள்: இருட்டாக இருந்தால் அறிகுறி 2, எரிந்தால் அறிகுறி 3.